சந்தையில் வாங்கிய குதிரையையும் மாட்டையும் பத்திரமாக வீடு சேர்ப்பது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த்திருவிழாவின்போது கூடும் கால்நடைச் சந்தையைப் பற்றி நம் பகுதி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திப்பு சுல்தான் காலத்திலிருந்தே இந்தச் சந்தை நடந்து வருவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளும், நாட்டு மட்டக் குதிரைகளும், காங்கயம் காளைகளும், பக்கத்து மலையிலிருந்து இறங்கி வரும் பர்கூர் மாடுகளும் அங்கே ஒரே மைதானத்தில் நிற்கின்றன. சித்திரையில் வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் மாரியம்மன் கோவில் சந்தை, வாரம் தவறாமல் பொள்ளாச்சிச் சந்தை, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை என்று ஆண்டு முழுவதும் கால்நடைகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம். துண்டுக்குள் கைவிட்டு விலை பேசி, ஐந்நூறு ரூபாய்க்காக அரை நாள் நிற்கிறோம். ஆனால் வாங்கிய பிராணியை வீட்டுக்குக் கொண்டு போகும் வண்டியைப் பேசுவதற்கு ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. எந்த வண்டி முதலில் கிடைக்கிறதோ, எவர் வாடகை குறைவாகச் சொல்கிறாரோ, அதில் ஏற்றிவிடுகிறோம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஜோடிக் காளையில் ஒன்று வழியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தால் அன்றைக்கே அதன் கதை முடிந்தது. எதிரே வந்த இரு சக்கர வாகனக்காரர் மீது அந்த வண்டி சாய்ந்தால் நஷ்டம் பணத்தோடு போவதில்லை. ஆகவே இவ்வாரம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வண்டிக்குள் நிற்கும் பிராணிக்கு என்ன நேர்கிறது?

சிமெண்டு மூட்டையை ஏற்றினால் அது வைத்த இடத்தில் கிடக்கும். குதிரையும் மாடும் அப்படியல்ல. பயணம் முழுவதும் அவை தம் நான்கு கால்களை வைத்துத் தம் உடம்பைச் சமாளித்துக்கொண்டே வருகின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கின்றன. பிரேக் போட்டால் முன்னால் தள்ளப்படுகின்றன. கிளப்பும்போது பின்னால் இழுக்கப்படுகின்றன. நாம் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது மேலே கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம், முன் கண்ணாடி வழியாகச் சாலையையும் பார்த்துக்கொள்கிறோம். வளைவு வருவது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது. பிராணிக்குப் பிடிக்கக் கையும் இல்லை, வருவது தெரிவதும் இல்லை.

இதில் ஒரு கணக்கு உண்டு. வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. மணிக்கு 35 கிலோ மீட்டரில் திரும்பும் வளைவை 50 கிலோ மீட்டரில் திரும்பினால் வேகம் கூடியது ஒன்றரை மடங்குக்கும் குறைவுதான். ஆனால் பிராணியைத் தள்ளும் விசை இரண்டு மடங்காகிவிடுகிறது. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைக்காது. பின்னால் நிற்பதற்குத்தான் தெரியும்.

குதிரைக்கு இன்னொரு சங்கடம். அதன் எடையில் சுமார் அறுபது சதவீதம் முன்னங்கால்களின் மேல் இருக்கிறது. வண்டியின் மூக்கைப் பார்த்து நிற்கும் குதிரைக்குத் திடீர் பிரேக் விழுந்தால் அந்தப் பாரமும் சேர்ந்து மார்பு முன் தடுப்பில் மோதுகிறது. சில குதிரைகள் பின்னோக்கி நின்றால் இதை நன்றாகச் சமாளிக்கின்றன என்று வெளிநாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் வண்டிகளின் அமைப்பில் அது எளிதல்ல என்றாலும் காரணத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிரேக்கை மெதுவாகத் தொட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்ல அது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கால்நடைகளை வண்டியில் ஏற்றுவதற்கு 1978 ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த அந்த விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. பல விவசாயிகள் இவற்றைப் போலீசாருக்கான விதிகள் என்று நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால், அனுபவப்பட்ட ஒரு வண்டிக்காரர் தம் மகனுக்குச் சொல்லும் யோசனைகளைப் போலவே பெரும்பாலும் இருக்கின்றன.

சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. குதிரையானால் நான்கு முதல் ஆறு வரை. தரையில் தென்னை நார்ப் பாயோ மரப்பலகையோ போட்டு வழுக்காமல் செய்ய வேண்டும். பக்க அடைப்பு தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். மாடுகள் இஞ்சினைப் பார்த்து நிற்பது விரும்பத்தக்கது. குதிரைகளின் தலை இடது புறம், அதாவது எதிரே வரும் போக்குவரத்துக்கு மறுபுறம் இருக்க வேண்டும். குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே 8 சென்டி மீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள மூங்கிலும், பின்னால் இரண்டு உறுதியான கட்டைகளும் கட்ட வேண்டும். குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வண்டிக்கு ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். பிராணிகளோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

2016 ஜனவரி முதல் மோட்டார் வாகன விதிகளிலும் இது சேர்ந்திருக்கிறது. ஒரு மாட்டுக்கு அல்லது எருமைக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். இவற்றைப் பிரிக்க நிலையான தடுப்புகளும் வேண்டும். அவ்வாறு அமைத்த வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனி உரிமம் தருவார்கள். ஆகவே வண்டி பேசும்போது அந்த உரிமம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

குட்டியானையில் எத்தனை மாடு?

நமக்கு வழக்கமான அடிக் கணக்கில் சொன்னால் 2 சதுர மீட்டர் என்பது இருபத்தொன்றரை சதுர அடி. குதிரைக்கு இருபத்து நாலேகால் சதுர அடி. ஒரு அடிப்பட்டையை எடுத்துக்கொண்டு வண்டியின் உள் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கிப் பாருங்கள்.

கிராமங்களில் குட்டியானை என்று சொல்லும் டாட்டா ஏஸ் வண்டியின் தொட்டி ஏறத்தாழ ஏழேகால் அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். மொத்தம் முப்பத்தைந்து சதுர அடி. இதில் ஒரு மாட்டுக்குத்தான் இடம். இரண்டு மாட்டுக்கு நாற்பத்து மூன்று வேண்டும். ஆனால் சந்தை நாட்களில் இதே வண்டியில் மூன்று மாடுகள் தலைமாடு கால்மாடாக நெருக்கி நிற்பதைப் பார்க்கிறோம். இடம் மட்டுமல்ல, அந்த வண்டியின் பாரத் தாங்கு திறன் முக்கால் டன் அளவுதான். வளர்ந்த காங்கயம் காளை ஒன்றே அரை டன்னைத் தொடும்.

குட்டியானையின் பக்கப் பலகை ஓர் அடி உயரந்தான். மாட்டின் பாரமோ அதற்கு வெகு மேலே நிற்கிறது. வளைவில் மாடு ஒரு பக்கம் சாயும்போது வண்டியும் சேர்ந்து சாய்கிறது. ஆகவே இந்த வண்டியைத்தான் பேச வேண்டுமென்றால் மார்பு உயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டதாகப் பார்த்து, ஒற்றை மாடு, அல்லது பசுவும் அதன் கன்றும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். குதிரையை இதில் ஏற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுத்தைத் தூக்கி நிற்கும் பிராணிக்கு அந்த வண்டி மிகவும் இலேசானது.

ஒன்பது அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள பிக்கப் வண்டி கிட்டத்தட்ட ஐம்பது சதுர அடி. இரண்டு மாடு அல்லது இரண்டு குதிரை தாராளமாகப் போகும். பதினேழுக்கு ஏழு அடி லாரியில் கணக்குப்படி ஐந்து மாடு. அதைவிடப் பெரிய லாரியானாலும் ஆறுதான் உச்ச வரம்பு. நான்கு பேர் சேர்ந்து ஒரு லாரி பேசினால் ஆளுக்கு விழும் வாடகை குட்டியானை வாடகையைவிட அதிகம் இருக்காது. ஒரே ஊர்ப் பக்கம் போகிறவர்கள் சந்தையிலேயே பேசிக்கொள்ளலாம்.

தடுப்பே இல்லாமல் ஒற்றைப் பிராணியை அகலமான லாரியில் விடுவதும் தவறு. அங்குமிங்கும் நடந்து நடந்து வழுக்கி விழும். இடம் அதிகமானால் மூங்கில் கட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தரையும் கயிறும்

விழுந்த பிராணிகளில் பெரும்பாலானவை வழுக்கித்தான் விழுகின்றன. லாடம் அடித்த காலும் இரும்புத் தகடும் ஒன்றுக்கொன்று ஆகாது. அதன் மேல் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் எண்ணெய் தடவிய கல்லைப் போலாகிவிடும். வெறும் வைக்கோலைப் பரப்புவதில் பயனில்லை. நனைந்ததும் அது காலோடு நகர்ந்துவிடும். கரும்புச் சோகையும் அப்படியே.

மணல் போடுவது லாரிக்காரர்களின் பழைய வழக்கம். பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பிக்கப் வண்டித் தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பினால் அதுவே 350 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். வண்டியின் தாங்கு திறனில் ஒரு காங்கயம் பசுவின் எடை வீணாகப் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் கனமான தென்னை நார்ப் பாயைத் தொட்டி அளவுக்கு வெட்டி, ஓரங்களைச் சட்டத்தோடு கட்டி, அதன் மேல் தென்னை நார்க்கழிவை ஓர் அங்குலம் தூவிவிட்டால் வழுக்காது, ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எடையும் இல்லை. திரும்பி வந்து உலர்த்தி வைத்துக்கொண்டால் பல பயணங்களுக்கு வரும்.

மாட்டை மூக்கணாங்கயிற்றில் வண்டியோடு கட்டவே கூடாது. ஒரு பிரேக் போதும், மூக்குத் தண்டு கிழிந்துவிடும். கழுத்துக் கயிற்றிலோ தலைக் கயிற்றிலோ கட்டுங்கள். குதிரையைக் கடிவாளத்தில் கட்டக் கூடாது, வாயைக் கிழிக்கும். தோலிலோ பருத்தியிலோ செய்த தலைவாரில் கட்டுங்கள். நைலான் கயிறு இழுபட்டால் தோலை அறுக்கும். ஆபத்தில் சீக்கிரம் அவிழவும் செய்யாது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சாகவே போட வேண்டும். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு கூடவே கூடாது. கயிற்றை அறுக்க ஒரு கூரான கத்தி டிரைவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கயிற்றின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலையைத் தூக்கி இறுகக் கட்டினால் குதிரை அடங்கி நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குதிரை தன் மூச்சுக் குழாயில் சேரும் தூசியையும் சளியையும் தலையைத் தாழ்த்தித்தான் வெளியேற்றுகிறது. மணிக்கணக்காகத் தலையைத் தூக்கிக் கட்டினால் அவை நுரையீரலில் இறங்கி, வந்து சேர்ந்த இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் இருமலும் கண்டு, குதிரையைக் கொன்றுவிடக்கூடிய நிமோனியாவில் முடியும். தலையை முழங்கால் வரையாவது தாழ்த்தும் அளவுக்குக் கயிறு விடுங்கள்; ஆனால் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வேண்டாம். நீண்ட பயணமானால் நிறுத்தும் இடங்களில் கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தவிட வேண்டும்.

குதிரையின் தலை இடப்புறம் இருக்க வேண்டும் என்ற விதி லாரிக்குப் பொருந்தும். ஏழடி அகலத்தில் அது குறுக்காக நிற்கலாம். ஐந்தரை அடி பிக்கப்பில் குறுக்காக நிற்க இடம் இல்லை. அங்கே நீளவாக்கில் இஞ்சினைப் பார்த்து நிறுத்தி, தலைக் கயிற்றை இடப் பக்கச் சட்டத்தோடு கட்டி, வலப் பக்கம் கண் மட்டத்துக்கு ஓலைத் தட்டியோ சாக்கோ கட்டி மறைத்துவிடுங்கள். எதிர் வரும் பேருந்தின் விளக்கும் ஓசையும் அந்தப் பக்கம்தான் வருகின்றன. மாட்டின் கொம்பும் தலையும் வலப் புறம் வெளியே நீண்டிருப்பதும் பெரிய அபாயம். நம் குறுகிய சாலைகளில் இரண்டு வண்டிகள் ஒதுங்கும்போது இடைவெளி ஒரு முழங்கூட இருப்பதில்லை.

ஏற்றும்போது அவசரம் வேண்டாம்

வாலை முறுக்குவது, கம்பால் குத்துவது, கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது போன்ற காரியங்களை இன்னும் சில இடங்களில் பார்க்கிறோம். இவை குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மிரண்டு ஏறிய பிராணி வண்டிக்குள்ளும் மிரண்டுதான் நிற்கும். அதை அறுபது மைல் ஓட்டிக்கொண்டு போகப்போவது நாம்தான்.

தொட்டியின் உயரம் இரண்டரை அடி என்றால் எட்டடிக்குக் குறையாத நீளமுள்ள சாய்வுப் பலகை வேண்டும். தென்னை மரப் பலகைகளை மூன்றடி அகலத்துக்குச் சேர்த்து, காலடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்து, இருபுறமும் தட்டி கட்டினால் போதும். பலகை இல்லையென்றால் மேட்டாங்கரை ஒன்றைப் பார்த்து வண்டியின் பின்புறத்தை அதோடு ஒட்டி நிறுத்தினால் பிராணி சமதரையில் நடப்பது போல் உள்ளே போய்விடும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. வெயிலிலிருந்து இருட்டான வண்டிக்குள் நுழைய அது தயங்குவது பிடிவாதத்தால் அல்ல. தலையைத் தாழ்த்திப் பலகையை மோந்து பார்க்க அவகாசம் கொடுங்கள். பழகிய குதிரை ஒன்று முன்னால் ஏறினால் மற்றது தானே பின்தொடரும்.

ஏற்றுவதற்கு முன் தண்ணீர் காட்டி, மாட்டுக்குச் சோளத்தட்டு, குதிரைக்குக் காய்ந்த புல் கொடுக்கலாம். பசுந்தீவனம் நிறையக் கொடுத்தால் மாடு கழிந்து தரையை வழுக்கலாக்கும். குதிரைக்குக் கொள்ளும் தானியமும் கிளம்பும் முன் வேண்டாம். அதனால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்று வலி கண்டால் நடுவழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. நிறைசினைப் பசுவையும் நிறைசினைக் குதிரையையும் கடைசி மாதத்தில் ஏற்றாதீர்கள். குதிரையையும் மாட்டையும் ஒரே அறையில் கலந்து நிறுத்தவும் கூடாது.

எந்தச் சாலை? எந்த நேரம்?

அந்தியூரிலிருந்து கோவைக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல். பவானி சென்று பெருந்துறை, அவினாசி வழியாக சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் போகலாம். அத்தாணி, சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாகவும் போகலாம். நெடுஞ்சாலை நேராகவும் மேடு பள்ளம் இல்லாமலும் இருப்பதால் டிரைவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். குதிரை ஏற்றிய வண்டி 35 கிலோ மீட்டரில் போக வேண்டும் என்ற விதியை அங்கே கடைப்பிடித்தால், 80 கிலோ மீட்டரில் வரும் லாரிகளுக்கு நடுவே அது நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் போன்றதுதான். இரவானால் பின்னாலிருந்து மோத வாய்ப்பு அதிகம். விதியை மீறி வேகமாகப் போகச் சொல்லவில்லை. மெதுவாகப் போகும் வண்டி மெதுவாகப் போகும் சாலையில்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால் அன்னூர் வழிதான் நல்லது. நெடுஞ்சாலைதான் என்றால் பகலில், இடது ஓரப் பாதையை விடாமல், பின்னால் சிவப்பு ஒளி காட்டும் பட்டைகளை ஒட்டிக்கொண்டு போங்கள்.

விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வீடு சேரலாம். ஓடும் வண்டியில் காற்று வரும். நிறுத்திய வண்டியில் வராது. டீ குடிக்க வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும் இருபது நிமிடம் ஒரு மணி நேர ஓட்டத்தைவிட அதிகமாகப் பிராணியை வாட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வாளியும் ஒரு குடம் தண்ணீரும் வீட்டிலிருந்தே வரட்டும். சில குதிரைகள் வேற்றூர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிக்கொள்ளும்.

மைசூர்ப் பக்கமிருந்து திம்பம் மலைப்பாதையில் மாடு கொண்டு வருகிறவர்களுக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போவதோடு, மாடுகள் எல்லாம் முன்னால் குவிந்து நசுங்கும். ஒவ்வொரு வளைவு முடிந்த பின்னும் வண்டியை நேராக்கிச் சற்று நிதானித்தால் அவை கால் மாற்றி நின்றுகொள்ளும். அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு; நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். உதகையில் கோடைக் குதிரைப் பந்தயம் நடந்து வந்த காலத்தில் பந்தயக் குதிரைகள் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில்தான் ஏறி இறங்கின. 2024 இல் அந்தப் பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் குதிரைகளுக்கு மெத்தை வைத்த வண்டி உண்டு. நம் மாட்டுக்கு நல்ல டிரைவர்தான் மெத்தை.

டிரைவர் நல்லவரா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மாட்டை ஏற்றுவதற்கு முன் சந்தை மைதானத்திலோ உங்கள் தோட்டத்திலோ ஒரு வாளியில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். தண்ணீர் சிந்தாமல் கிளப்பி, திருப்பி, நிறுத்துகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். இப்படிக் கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடலாம்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி வேண்டும். அது ஒரு மரத்தையோ கம்பத்தையோ தாண்டியதும் நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். ஆறு எண்ணும் முன் நாம் அந்த இடத்தை அடைந்தால் நெருக்கமாகப் போகிறோம் என்று பொருள். வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும் வேகமெடுக்கக் கூடாது. பின் சக்கரம் இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு நாம் தரும் மரியாதை

மெதுவாகப் போகும் நம் வண்டிக்குப் பின்னால் பத்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகலமான ஓரம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களில் பொறுமை இழந்த ஒருவர் வளைவில் முந்துவார். அவருக்கு எதிரே வருகிறவர் பாவம். பின் பலகைக்குக் கீழே சாணமும் மூத்திரமும் வழிந்து பின்னால் வரும் இரு சக்கர வாகனக்காரர் மேல் தெறிக்காமல் பலகையடியில் சாக்கைச் சுருட்டி அடைக்கலாம். வைக்கோலை மேலே பறக்கும்படி விடக் கூடாது. உதவியாள் டிரைவர் அருகில்தான் உட்கார வேண்டும். மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு போகும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அரை டன் காளை சாய்ந்தால் நடுவே இருப்பவருக்கு மூச்சு விட நேரமிருக்காது.

எதிரே குதிரை வண்டியையோ, கையில் பிடித்து நடத்திவரும் குதிரையையோ பார்க்கிற டிரைவர்களுக்கும் ஒரு சொல். ஹாரன் அடிக்காதீர்கள். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132 ஆம் பிரிவு, பிராணி மிரளும் என்று அஞ்சி அதைக் கொண்டு செல்பவர் நிறுத்தச் சொன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. நம் விவசாயிகளில் பலருக்கு இந்த உரிமை இருப்பது தெரியாது. கையை உயர்த்தித் தெளிவாகச் சைகை காட்டுங்கள். நடத்திச் செல்லும்போது சாலையின் இடது ஓரமாக, நீங்கள் போக்குவரத்துப் பக்கமும் பிராணி ஓரத்துப் பக்கமுமாக நடக்க வேண்டும். சூரியன் உதிப்பதற்கு முன்பும் அடைந்த பிறகும் கால்நடையாக ஓட்டிச் செல்ல 2001 ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பதில்லை. பசுவானால் நாளொன்றுக்கு 30 கிலோ மீட்டர்தான்.

வழியில் விழுந்துவிட்டால்

வண்டிக்குள் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் பதறிப் பிரேக் போடாதீர்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் அகலமான, சமமான ஓரத்தில் நிறுத்தி, நான்கு பக்க விளக்கையும் எரியவிடுங்கள். நடுச்சாலையில் பின் பலகையைத் திறக்கக் கூடாது. மிரண்ட குதிரை வெளியே பாய்ந்தால் அதோடு வேறு உயிர்களும் போகும். உள்ளே ஏறாமல் வெளியிலிருந்தே தலைக் கயிற்றை அறுத்துவிடுங்கள். தலை விடுபட்டு, காலடியில் ஒரு சாக்கைத் தள்ளிவிட்டால் பெரும்பாலான குதிரைகள் தாமே எழுந்துவிடும். விலா தரையில் பட மல்லாந்த மாட்டை அப்படியே விட்டால் வயிற்றில் காற்று அடைத்து மூச்சு முட்டும். மற்ற மாடுகளை இறக்கிக் கட்டிய பிறகு, அதை நெஞ்சின் மேல் குந்தியிருக்கும் நிலைக்குத் திருப்பி, வைக்கோல் மூட்டையை அண்டைக் கொடுங்கள். எழ முடியாவிட்டால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மனிதருக்கு அடிபட்டிருந்தால் முதலில் 108.

வீடு வந்த பிறகு

இறக்கியதும் நிழலில் கட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். சிறிது தூரம் கையில் பிடித்து நடத்திப் பார்த்தால் நொண்டல் இருந்தால் தெரியும். தீவனம் அரை மணி நேரம் கழித்து. காளையை மறுநாளே ஏரில் பூட்டுவதும், குதிரையை ஊராருக்கு ஓட்டிக் காட்டுவதும் வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். கறவைப் பசு இரண்டொரு நாள் பாலைக் குறைத்துக் கொடுக்கும். அதற்காக விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

சந்தையில் எத்தனையோ ஊர் மாடுகளோடு நின்று வந்ததை நம் கட்டுத்தறியில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுவது அவசியம். 2022 இல் தோல் கழலை நோய் பரவியபோது தனியே கட்டாததன் பலனைப் பலர் பார்த்தார்கள். குதிரையின் உடல் வெப்பத்தை முதல் ஐந்து நாட்களுக்குக் காலையில் பார்த்து எழுதி வையுங்கள். 101 டிகிரிக்கு மேல் போனாலோ, இருமினாலோ, தீவனத்தில் நாட்டமில்லாமல் தலையைத் தொங்கவிட்டு நின்றாலோ மருத்துவரை அழைக்கத் தாமதிக்க வேண்டாம். அவர் வந்ததும், குதிரை எந்த ஊரிலிருந்து வந்தது, வண்டியில் எத்தனை மணி நேரம் நின்றது, தலையை எப்படிக் கட்டியிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.